கிட்னி கொடுத்த வீட்டார்

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டார், பெண் எடுத்த வீட்டார் என்று இரண்டு வகை சம்பந்திகள்தான் உண்டு. யார் முதலில் கும்பிட வேண்டும், யாருக்கு முதல் பந்தி, யார் குறை சொன்னால் யார் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் என் அக்கா தன்னுடைய சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குக் கொடுத்தபோது மூன்றாவதாக ஒரு வகை உண்டாயிற்று. கிட்னி கொடுத்த வீட்டார். அவர்களுக்கு என்ன முறை செய்வது, எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் அக்காவின் கணவர்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். சூலூருக்குப் பக்கத்தில் எட்டுத் தறி வைத்திருந்தார். கிட்னி அக்காவுடையது. விலா ஓரத்தில் ஒரு முழத்துக்கு அறுபட்டு, இருமக்கூட முடியாமல் பத்து நாள் கிடந்தவள் அவள். ஆனால் சம்மதம் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் மாமா. ஊரில் பேர் கிடைத்தது பேனா பிடித்தவருக்குத்தான். "எந்த மனுசன் விடுவான், கட்டுன பொண்டாட்டிய அறுக்கறதுக்கு? அவரு மனசு யாருக்கு வரும்!" என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டார்கள். அக்காவிடம் வந்தவர்கள் "தழும்பு ஆறிப்போச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆபரேஷன் முடிந்து நான் அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பெண் பார்க்கப் போகிற வயதில் டயாலிசிஸுக்குப் போய்விட்டேன். பஞ்சுத் தூசி ஆகாது, தறிக்கூடத்துப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தறிச் சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, என்னென்ன கெடுதல் வரலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதே எனக்கு முழுநேர வேலை. அந்த வேலையில் நான் லீவு எடுத்ததில்லை.

காலையில் மாமா என் அறை வாசலில் வந்து நிற்பார்.

"ஏன் மாப்ள, நம்ம கிட்னி எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க மாமா."

"ஒண்ணுக்கு நல்லாப் போகுதா?"

"போகுதுங்க."

"போகாம? நம்மூட்டுச் சாமானமாச்சே."

வீட்டுக்கு ஒரம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தால் காப்பி முடிந்த கையோடு என்னிடம் அழைத்து வருவார். வருபவர்கள் இடுப்புக்குப் பின்னால் தேடுவார்கள். மாமா சிரிப்பார். "அங்கெல்லாம் இல்லீங்க. முன்னாடி, அடிவயித்துல, வலப்பக்கம் வெச்சிருக்குது. பழசு ரெண்டையும் எடுக்கறதில்லீங்க, அது பாட்டுக்குக் கெடக்கும். ஆக மொத்தம் மூணு. இந்தச் சுத்துவட்டாரத்துல மூணு கிட்னி வெச்சிருக்கறவன் நம்ம மாப்ளதான்." வந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். மாத்திரையால் என் முகம் பூசணிக்காய் போல உப்பியிருந்தது. அதைப் பார்த்து, "நெம்பத் தேறிட்டீங்க, முகத்துல என்ன களை!" என்றார்கள். அது களை அல்ல, மருந்தின் வேலை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா, "எல்லாம் நம்ம கிட்னி செய்யற வேலைங்க" என்று முடித்துவிடுவார். கூட வந்த யாராவது கைக்குட்டை இல்லாமல் ஒரு தும்மல் போடுவார். அன்று முழுக்க நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தெர்மாமீட்டரும் கையுமாக இருப்பேன்.

இந்தத் தெர்மாமீட்டர், நோட்டு, மருந்து எல்லாவற்றையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வார்டு சிஸ்டர். கோயமுத்தூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக டூட்டிக்கு வருவார். குரல் மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குப் பெரிய டாக்டரே ஒதுங்கி நிற்பார். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் என்னையும் அக்காவையும் மாமாவையும் மூன்று ஸ்டூலில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"புரிஞ்சுதான்னு நான் கேக்க மாட்டேங்க. கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவீங்க. நான் சொல்லி முடிச்சதும் நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லோணும். சொன்னாத்தான் டிஸ்சார்ஜ்."

எனக்கு வயிறு கலக்கிவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றதே இந்தத் திருப்பிச் சொல்லும் விவகாரத்தால்தான். வாத்தியார் ஒப்பிக்கச் சொன்னால் எனக்கு வயிற்றால் போகும். தினமும் முதல் பீரியடில் மைதானத்துப் பக்கம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, அக்காதான் வீட்டில் சொல்லி என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். இருபது வருஷம் கழித்து அதே பரீட்சை, மூத்திரப் பையோடு.

சிஸ்டர் சொன்னார். உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்காமல் இருக்கத் தரும் எண்ணெய் மருந்தைக் கண்ணாடி டம்ளரில்தான் பாலோடு கலக்க வேண்டும். காலை எட்டு, ராத்திரி எட்டு, தவறக் கூடாது. தினமும் எடை, காய்ச்சல், போன நீரின் அளவு மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். காய்ச்சல் நூறைத் தொட்டால் எந்த நேரமானாலும் வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். கால் வீங்கினாலும், நீர் குறைந்தாலும், கை நடுங்கினாலும் வர வேண்டும்.

இந்த இடத்தில் மாமா கொட்டாவி விட்டார். "நீங்க சொல்லீட்டே இருங்க அம்மணி, நான் ஒரு டீ சாப்பிட்டு வாரேன்" என்று எழுந்து போனார்.

அவர் போன பிறகு சிஸ்டர் சொன்னது இது: "நெம்ப முக்கியம். எங்களைக் கேக்காம வேற ஒரு மாத்திரையும் வாயில போடப்படாது. தலைவலி மாத்திரையாகட்டும், நாட்டு மருந்தாகட்டும், வேற டாக்டர் எழுதிக் குடுத்ததாகட்டும். நீங்க சாப்பிடற எண்ணெய் மருந்து சில மாத்திரையோட சேந்துதுன்னா ரத்தத்துல கன்னாபின்னான்னு ஏறிக்கும். அதுவே கிட்னியக் கெடுத்துப்போடும். எது சேரும், எது சேராதுன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம். கேட்டாப் போதும்."

நான் ஒப்பித்தேன். நடுவில் ஒருமுறை பாத்ரூம் போய் வந்து மிச்சத்தையும் ஒப்பித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை. அக்கா என்னைவிட வேகமாக ஒப்பித்தாள். மாமா திரும்பி வந்தபோது எங்களுக்குக் காகிதம் கையில் வந்துவிட்டது. "முடிஞ்சுதா? நம்ம ஆளு பாஸா?" என்றார். அந்த வீட்டில் எது நடக்க வேண்டும், நடக்கக் கூடாது என்று முடிவு செய்கிற ஒரே ஆள் அந்தப் பாடத்தின் முக்கியமான பாதியில் டீக்கடையில் இருந்தார். அந்த வீட்டில் முடிவு அவருடையது என்று சிஸ்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அதை ஒரு குறையாக எண்ணும் தைரியம் அப்போது எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்த போன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாப் எஸ்.டி.டி. பூத்துக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே வார்டு நம்பரைச் சுற்ற ஆரம்பிப்பார். கொய்யாப்பழம் சாப்பிடலாமா? சாப்பிடலாம் என்றால், விதையோடா, விதை இல்லாமலா? தலையில் காக்கை தட்டிவிட்டுப் போனது, அதில் கிருமி இருக்குமா? நேற்று நான்கு விக்கல், இன்று ஆறு, இது ஏறுமுகமா? சிஸ்டர் இருந்தால் பொறுமையாகப் பதில் சொல்வார். ஒருநாள் வேறொரு பெண் எடுத்தாள். ரிசீவரைக் கையால் பொத்துவதாக நினைத்துக்கொண்டு சரியாகப் பொத்தாமல், "அந்தச் சூலூர்க்காரருடி. இன்னிக்கு என்னன்னு கேளு, கொசு கடிச்சிருக்கும்" என்றாள். பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

உண்மையில் அன்று நான் கொசு கடித்ததற்காகத்தான் கூப்பிட்டிருந்தேன். போனை வைத்துவிட்டேன். பெரிய இடத்தில் வேலையாக இருப்பவர்களை இத்தனை நாள் தொந்தரவு செய்துவிட்டோமே என்று வெட்கமாகப் போயிற்று. இனிமேல் நிஜமாகவே ஏதாவது வந்தால் ஒழியக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். நிஜமாக ஏதாவது வந்தது.

ஐப்பசி மழை. ஆபரேஷன் ஆகி நாலாவது மாதம். பொள்ளாச்சியில் மாமாவின் தங்கை மகளுக்குச் சீர் என்று அக்கா ஒரு வாரத்துக்குப் போயிருந்தாள். மாமாவும் போய்விட்டுத் தறி வேலையைக் காரணம் சொல்லி மறுநாளே திரும்பிவிட்டார். அன்று காலை எனக்குத் தொண்டையில் முள் குத்தியது போல இருந்தது. தெர்மாமீட்டர் நூறுக்கு மேல் இரண்டு கோடு காட்டியது. உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அதே இரண்டு கோடு. மூன்றாவது தடவை சுவரோரமாகக் குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்து வைத்தேன். கொஞ்சம் குறைந்தது போல இருந்தது, வெளிச்சத்தில் பார்த்தால் குறையவில்லை. நூறைத் தொட்டால் போன் என்பது மனப்பாடம். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். "கொசு கடிச்சிருக்கும்" என்கிற குரல் காதில் கேட்டது. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் முப்பது தடவை கூப்பிட்டவன், விஷயம் வந்த அன்று கூச்சப்பட்டுக்கொண்டு கூப்பிடவில்லை.

மாமா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சுடுதே மாப்ள. தொண்டையா?"

"ஆமாங்க மாமா. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன்..."

"தொண்டைக்குப் போயி ஆஸ்பத்திரியா? போன மாசம் எனக்கும் இதேதான். டாக்டர் அஞ்சு நாளைக்கு எழுதினாரு. ரெண்டே நாளு, பட்டுனு நின்னுபோச்சு. மிச்சத்தைப் பத்திரமா வெச்சிருக்கறேன்."

அந்த வீட்டில் மிச்ச மாத்திரைகளுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். யாருக்கு எது எழுதினாலும் இரண்டு நாள் சாப்பிட்டு, மூன்றாம் நாள் சரியானதும் மீதியை அதில் போட்டுவிடுவார்கள். பாதிப் பாதி வைத்தியங்கள் எல்லாம் கூடிக் குடும்பம் நடத்தும் டப்பா அது. மாமா துழாவிச் செங்கல் நிறத்தில் ஒரு பட்டையை எடுத்தார்.

"இல்லீங்க மாமா," என்றேன். "சிஸ்டரைக் கேக்காம ஒண்ணும் சாப்பிடப்படாதுன்னு சொல்லியிருக்கறாங்க. எண்ணெய் மருந்தோட சேந்தா..." நான் ஒப்பிக்க ஆரம்பித்தேன். முழுவதும் எனக்கு ஞாபகம் இருந்தது. பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமில்லை. வருத்தமாகத்தான் கேட்டார்.

"ஏன் மாப்ள, உனக்குக் கிட்னி குடுத்தது சிஸ்டரா, உன்ற அக்காளா?"

அவர் பெண்டாட்டியின் உறுப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு, அவர் நீட்டுகிற மாத்திரையை வேண்டாம் என்று சொல்கிற வாய் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. சொல்லியிருந்தால் ஊரே என்னை நன்றி கெட்டவன் என்றிருக்கும். சொல்லாததால் அக்காவின் கிட்னி போய்விட்டிருந்தால் அதே ஊர் விதி என்றிருக்கும். நான் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மாமா தண்ணீர் டம்ளரை அவரே பிடித்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் தொண்டை சரியாகிவிட்டது. இதுதான் விபரீதம். சரியாகாமல் இருந்திருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள். மாமா தெருவில் நின்று சொன்னார்: "பாத்தீங்களா? ஆஸ்பத்திரின்னா இந்நேரம் ஒரு வாரம் படுக்க வெச்சிருப்பான்." தனக்கு இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டவர், எனக்கு மட்டும் குறை வைக்கக் கூடாது என்று மெடிக்கலில் புதுப் பட்டையே வாங்கி வந்தார். மெடிக்கல்காரர் "யாருக்குங்க?" என்று கேட்டாராம். "நம்ம ஊட்டுக்குத்தானுங்க" என்றாராம் இவர். விசாரணை அவ்வளவுதான். பட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேளாவேளைக்கு வந்து அவர் கையாலேயே கொடுத்தார். தன் தறிக்குக்கூட அவர் அவ்வளவு கவனமாக எண்ணெய் விட்டதில்லை.

நாலாம் நாள் என் கை நடுங்கத் தொடங்கியது. பால் டம்ளரைப் பிடித்தால் பாலில் அலை அடித்தது. எண்ணெய் மருந்தைச் சிரிஞ்சில் உறிஞ்சும்போது முனை புட்டியின் வாயில் தந்தி அடித்தது. தலை கனத்தது. கை நடுங்கினால் வர வேண்டும் என்பதும் மனப்பாடம்தான். ஆனால் மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன மாப்ள, இத்தாப்பெரிய ஆம்பள, ஒரு தொண்டைவலிக்கு இப்படி நடுங்கறே?" தறிக்காரர்கள் சிரித்தார்கள். பூத்துக்காரர்கூட, "பயத்தை விடுங்க, எல்லாம் சரியாப்போகும்" என்றார். ஊரே ஒரு மனதாகச் சொன்னதால் நானும் நம்பிவிட்டேன். நான்தான் பயந்தவன் ஆயிற்றே. அடுத்த இரண்டு நாள், நான் பயப்படுவதால் நடுங்குகிறதோ என்று பயந்துகொண்டு, அதனால் இன்னும் நடுங்குகிறதோ என்று இன்னும் பயந்தேன்.

நோட்டு மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். எடை, காய்ச்சல், நீர். மாத்திரையைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் சிஸ்டர் பார்ப்பார், மாமாவைக் கேட்பார், மாமாவுக்கு மரியாதைக் குறைவாகிவிடும்.

ஏழாம் நாள் காலை அக்கா வந்து இறங்கினாள். சீர்ப் பலகாரத்தை என் பக்கத்தில் வைத்தவள் என் கையைப் பார்த்தாள்.

"என்றா இது?"

"பயந்துக்கறான்" என்றார் மாமா. "நீ ஊட்டுல இல்லீல்ல, அதான்."

அக்கா என் கையைப் பிடித்து நீட்டி வைத்தாள். விரல்கள் அவள் உள்ளங்கையில் தறி ஓடும் பலகை மாதிரி அதிர்ந்தன. என் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"இவன் பயந்தா வயித்தாலதான் போகும்" என்றாள். "கை நடுங்காது. எட்டாவதுல இருந்து பாக்கறேன். இது வேற."

அவிழ்த்த பையை மறுபடி கட்டினாள். முதலில் கிடைத்த பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். ஆஸ்பத்திரி இருக்கும் பீளமேடு வரும் வரை அக்கா தன் விலா ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். மழைக்காலத்தில் அவளுக்கு அந்த இடம் வலிக்கும்.

ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் சின்ன டாக்டர் காகிதத்தோடு வந்தார். கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ஒன்றரைக்குள் இருந்தது, மூன்றைத் தொட்டிருந்தது. "உடம்பு கிட்னியை ஏத்துக்காம எதிர்க்குதுன்னு தோணுது. நாளைக்கு ஊசியில ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கலாம். இன்னிக்கே பெரிய மருந்து ஆரம்பிச்சிரலாம்" என்றார். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. கொடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

சிஸ்டர் என் நோட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"புதுசா மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

"இல்லீங்க சிஸ்டர்" என்றேன். சொல்லும்போதே, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. ஒரு பெரிய மனிதருக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதற்காக அக்காவின் கிட்னியை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் நோட்டை என் முன்னால் விரித்தார். என் எழுத்து உருண்டையாக இருக்கும், ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். எட்டாவதுவரை வாங்கிய ஒரே நல்ல பேர் அதற்குத்தான். சிஸ்டர் ஒரு பக்கத்தைக் காட்டினார், அடுத்ததைக் காட்டினார். ஒரு பக்கத்தில் எழுத்து நேராக உட்கார்ந்திருந்தது. மறுபக்கத்தில் ஓரம் உதறியது. அதற்கடுத்த பக்கத்தில் 'எடை' என்று எழுதியது எனக்கே படிக்க முடியவில்லை.

"இதுக்கு மூணு நாளைக்கு முன்னால காய்ச்சல் நூறு புள்ளி நாலுன்னு எழுதியிருக்கறீங்க. எனக்குப் போன் வரலை. கொய்யாப்பழத்துக்கெல்லாம் வந்துச்சு. அப்பறம் காய்ச்சல் தானா எறங்கியிருக்குது. அதும் பொறகு எழுத்து நடுங்குது. நடுவுல என்ன நடந்துச்சுங்க?"

நான் மறுபடி மாமாவைப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்றாள். மாமாவை அவள் எங்கள் முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"ஏனுங்க. என்ற கிட்னி உள்ள கெடக்குது. ரெண்டு பேருல ஒருத்தராச்சும் வாயத் தொறக்கறீங்களா?"

மாமாவின் கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. செங்கல் நிறப் பட்டை வெளியே வந்தது. இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது. மிச்சம் வைக்கிற அந்த வீட்டுப் பழக்கம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நல்லது செய்தது.

சிஸ்டர் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். "எரித்ரோமைசின்" என்றார். சின்ன டாக்டர் பட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டரைத் தேடி நிஜமாகவே ஓடினார். உடம்பு கிட்னியை எதிர்க்கவில்லை. இந்த மாத்திரை சேர்ந்ததால் எண்ணெய் மருந்து ரத்தத்தில் கரை தாண்டி ஏறி, அதுவே கிட்னியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பெரிய மருந்து நின்றது, ஊசியும் தள்ளிப்போனது. எண்ணெய் மருந்தை அவர்களே கணக்குப் பார்த்து நிறுத்தி, குறைத்து, மறுபடி ஆரம்பித்தார்கள். தொண்டையைத் துடைத்துப் பார்த்து, எனக்கு ஒத்துக்கொள்கிற வேறு மருந்தாகப் பார்த்து எழுதினார்கள். நாள் தவறாமல் ரத்தம் எடுத்தார்கள். அந்த நாட்களில் மாமா வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "நம்ம கிட்னி எப்படி இருக்குது?" என்று கேட்கவே இல்லை. காகிதம் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார். எண் இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்கு முழுக்கத் திரும்பவில்லை. ஒரு முடி அளவு மேலேயே நின்றுவிட்டது. இன்றுவரை அந்த முடி அளவு அப்படியேதான் இருக்கிறது.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் சிஸ்டர் ஸ்டூலைப் போட்டார். ஒன்றே ஒன்று.

"நீங்க உக்காருங்க" என்றார் மாமாவிடம். "போன தடவை உங்களை எழுந்து போக விட்டது என்ற தப்புத்தானுங்க."

மாமா உட்கார்ந்தார். பாடம் நடந்தது. "நெம்பப் புரிஞ்சுதுங்க அம்மணி" என்றார்.

"புரிஞ்சுதான்னு நான் கேக்கலீங்க. சொல்லுங்க."

மாமா தொண்டையைச் செருமினார். கண்ணாடி டம்ளர் வரை வந்தார். காய்ச்சலுக்கு எத்தனை என்று மறந்து நூற்றிரண்டு என்றார். சிஸ்டர் தலையாட்டினார். மறுபடி முதலில் இருந்து. அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்கள் டிரிப்போடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "எட்டுத் தறி முதலாளிங்க, சொல்லிப்போடுவாரு" என்று ஒருவர் உற்சாகப்படுத்தினார். மாமாவின் நெற்றியில் வேர்வை. என்னைப் பார்த்தார். நான் படுக்கையிலிருந்து உதட்டை மட்டும் அசைத்து நூறு என்று காட்டினேன். எங்கள் வகுப்பில் எனக்கு ஒருவரும் இப்படிக் காட்டியதில்லை.

மூன்றாவது தடவை கடைசி வரி வரை வந்தார். "ஆஸ்பத்திரியக் கேக்காம வேற மாத்திரை ஒண்ணும் குடுக்கப்படாது. யாரு குடுத்தாலும்." பிறகு அவராகவே சேர்த்தார்: "கிட்னி குடுத்த ஊட்டுக்காரரு குடுத்தாலும்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிஸ்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று போன் செய்யாத காரணத்தை நான் அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தேன். என்னிடம் வந்து, "போன்ல சிரிச்ச புள்ளைய நான் கூப்பிட்டுக் கண்டிச்சுட்டேன்" என்றார். "கொசு கடிச்சாலும் கூப்பிடுங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீங்க கூப்பிடாத அன்னைக்குத்தான் எனக்குப் பயம்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிஸ்கட் டப்பாவைக் கொல்லையில் கவிழ்த்து, மாத்திரைகளைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, டப்பாவைக் கழுவிக் காய வைத்தாள். இப்போது அதில் ஊசியும் நூலும் இருக்கின்றன.

அடுத்த மாதம் ஒருநாள் எனக்கு விக்கல் வந்தது. ஏழு விக்கல். போகலாமா, வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூச்சம் முழுதாக விட்டிருக்கவில்லை. அதற்குள் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு பூத்தை நோக்கி நடந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கேட்டது.

"ஏனுங்க அம்மணி, சூலூருங்க. ஏழு விக்கலுங்க. நேத்து அஞ்சுதான். தண்ணி குடுக்கலாமுங்களா?... சாதாத் தண்ணிதானுங்க... யாரு பேசறதுன்னா, அவரில்லீங்க." மாமா ரிசீவரை மாற்றிப் பிடித்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னார்: "நாங்க கிட்னி குடுத்த ஊடுங்க."